எள்ளுக்கு இட்ட உரம் எங்கே போயிற்று?

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிக் குபேர் அங்காடி இருக்கிறது. ஊரார் அதைப் பெரிய மார்க்கெட் என்றே சொல்வர். அங்கே மளிகைக் கடைகளின் பக்கம் நடந்தால் ஓரிடத்தில் எள், ஓரிடத்தில் நல்லெண்ணெய், வேறோர் இடத்தில் எள்ளுப் பிண்ணாக்கு என மூன்றையும் பார்க்கலாம். எள்ளின் நெய் என்பதுதான் 'எண்ணெய்' ஆயிற்று என்று தமிழாசிரியர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் என எல்லாவற்றுக்கும் அந்தச் சிறிய விதைதான் பெயர் கொடுத்திருக்கிறது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. எள் பயிரிட்ட உழவர் தம் வயலுக்கு யூரியா இட்டார். அந்த யூரியாவில் இருந்த நைட்ரஜன் இப்போது எங்கே இருக்கிறது? எண்ணெயிலா? பிண்ணாக்கிலா? அல்லது இரண்டிலும் சேராமல் வழியிலேயே தொலைந்துபோயிற்றா?

வேடிக்கையான கேள்விபோலத் தோன்றினாலும், இதற்கு விடை தேடுவது உழவருக்குப் பணம் மிச்சமாகும் விஷயம். நம் கிணற்று நீர் கெடாமல் இருக்கும் விஷயமும்கூட. ஆகவே அந்த நைட்ரஜனின் பின்னாலேயே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

இரண்டு பெயர் கொண்ட வாயு

புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழி படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நாம் நைட்ரஜன் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'அசோத்' என்கிறார்கள். 1787-ஆம் ஆண்டில் லவாசியேயும் அவருடைய நண்பர்களும் வேதியியல் பொருள்களுக்குப் புதுப்பெயர்கள் சூட்டியபோது வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் 'உயிர் இல்லாதது' என்று பொருள். இந்த வாயு மட்டும் நிறைந்த கூண்டில் ஓர் எலியை விட்டால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். எரியும் மெழுகுவத்தியும் அணைந்துவிடும். அதனால்தான் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1790-இல், ஷாப்தால் என்ற மற்றொரு பிரெஞ்சு வேதியியலார் வேறு பெயர் சொன்னார். வெடியுப்பில் இந்தத் தனிமம் இருப்பதால் 'வெடியுப்பை உண்டாக்குவது' என்ற பொருளில் நைட்ரஜன் என்றார். உலகின் பெரும்பகுதி இரண்டாவது பெயரை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களோ முதல் பெயரை விடவில்லை.

உண்மையில் உயிர் இல்லாதது என்ற பெயர் இந்தத் தனிமத்துக்குச் சிறிதும் பொருந்தாது. நம் உடலின் புரதங்கள், இலையின் பச்சையம், மரபுப் பண்புகளைக் கடத்தும் மூலக்கூறுகள் எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு. அது போதாத செடியில் முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். ஏனென்றால் செடி தன் முதிய இலைகளில் இருக்கும் நைட்ரஜனைப் பிரித்தெடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடுகிறது. தழைக்கச் செய்வது என்பதால்தான் உழவர்கள் அதைத் தழைச்சத்து என்கிறார்கள்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றுத் தூணில் மட்டும் ஏறக்குறைய 78,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அந்த வாயுவில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க எள் செடியால் ஆகாது. கடல் நடுவே நிற்பவனுக்குக் குடிக்க நீர் இல்லாததைப்போல, நைட்ரஜன் கடலுக்கு அடியில் நின்றுகொண்டு எள் செடி நைட்ரஜனுக்காக ஏங்குகிறது.

நம் வட்டாரத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக்கு இந்தக் கவலை குறைவு. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்துக் கொடுத்துவிடும். எள் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு வேர் முடிச்சு இல்லை. மண்ணில் இருப்பதையும் உழவர் இடுவதையும்தான் அது நம்பி வாழ வேண்டும்.

ஈரம் குறைந்த நிலத்தின் பயிர்

புதுச்சேரியிலிருந்து வடமேற்கே திண்டிவனம், தென்மேற்கே விருத்தாசலம். இரண்டு ஊர்களிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. எள் ரகங்களுக்கு டி.எம்.வி. 3, டி.எம்.வி. 7 என்றும், வி.ஆர்.ஐ. 1, வி.ஆர்.ஐ. 2 என்றும் பெயர்கள் இருப்பதைக் கேட்டிருக்கலாம். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தையும், வி.ஆர்.ஐ. என்பது விருத்தாசலத்தையும் குறிக்கும். எள் ஆராய்ச்சி நம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது.

எள் ஏறக்குறைய 80 முதல் 90 நாளில் முடிந்துவிடும் பயிர். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகவும், தை, மாசிப் பட்டங்களில் இறைவைப் பயிராகவும், சம்பா நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தை நம்பியும் அதை விதைப்பார்கள். நம் கடற்கரைப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். அதன்பின் மண்ணின் மேற்பரப்பு நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே போகும். எள் இந்தக் காய்ச்சலைத் தாங்கும். நீர் தேங்குவதைத்தான் தாங்காது. ஆணிவேரை ஆழமாக இறக்கி அடியிலிருக்கும் ஈரத்தை அது தேடிப் பிடிக்கிறது.

இந்தப் பயிருக்கு எவ்வளவு தழைச்சத்து இடலாம்? பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 23 கிலோ தழைச்சத்து, 13 கிலோ மணிச்சத்து, 13 கிலோ சாம்பல் சத்து. இறைவைப் பயிருக்கு இவை முறையே 35, 23, 23 கிலோ.

இந்த 23 கிலோ என்பது எத்தனை யூரியா? நீங்களே கணக்கிடலாம். யூரியா மூலக்கூறு ஒன்றில் ஒரு கரி அணு, ஓர் ஆக்சிஜன் அணு, இரண்டு நைட்ரஜன் அணுக்கள், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. எடைகளைக் கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. இதில் நைட்ரஜன் 28. அதாவது நூற்றுக்கு 46 பங்கும் கொஞ்சமும். உரமூட்டையில் 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். 23 கிலோ நைட்ரஜன் வேண்டுமானால் சரியாக 50 கிலோ யூரியா வேண்டும். 2018-க்கு முன்பு வந்த பழைய மூட்டை ஒன்று. இப்போது மூட்டை 45 கிலோதான். புதுச்சேரி வட்டாரக் கணக்கில், 100 குழி கொண்ட ஒரு காணிக்கு ஏறக்குறைய 27 கிலோ யூரியா.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். மானாவாரி நிலம் ஏழை நிலம். ஏழைக்குத்தானே அதிகம் கொடுக்க வேண்டும்? ஆனால் மானாவாரிக்கு 23 கிலோ, நீர் பாயும் வயலுக்கு 35 கிலோ என்று ஏன் தலைகீழாகச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விதான் நம் கட்டுரையின் மையம். விடைக்குப் போகும் முன், இட்ட உரத்தில் எவ்வளவு பயிருக்குள் போகிறது என்று அளக்கும் முறையைத் தெரிந்துகொள்வோம்.

உரத்துக்கு வரவு செலவுக் கணக்கு

வயலுக்கும் ஒரு வரவு செலவுப் புத்தகம் வேண்டும் என்று முதலில் காட்டியவர் பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1830-களில் அல்சாஸ் பகுதியில் தம் பண்ணையில், வயலுக்கு இட்ட எருவை எடை போட்டுப் பகுத்தாய்ந்தார். விளைந்து வெளியே போனதையும் எடை போட்டுப் பகுத்தாய்ந்தார். உள்ளே எவ்வளவு நைட்ரஜன் வந்தது, வெளியே எவ்வளவு போனது என்று பயிருக்குப் பயிர் எழுதி வைத்தார். கடைக்காரரின் பேரேடு வேளாண்மைக்கு வந்து சேர்ந்தது.

நாமும் எள்ளுக்கு ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 500 கிலோ எள் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். எள்ளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆகவே 100 கிலோ புரதம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். எனவே விதையில் மட்டும் 16 கிலோ நைட்ரஜன். இட்டது 23, கிடைத்தது 16. நூற்றுக்கு எழுபது வீதம் பயன்பட்டுவிட்டது என்று மகிழலாமா?

அவசரப்படக் கூடாது. உரமே இடாவிட்டாலும் எள் கொஞ்சம் விளையும் அல்லவா? மண்ணிலிருக்கும் மக்கு தன் நைட்ரஜனைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருக்கிறது. விதையில் உள்ள 16 கிலோவில் மண் கொடுத்தது எவ்வளவு, மூட்டை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும்.

அதற்கு எளிய வழி, பக்கத்தில் உரமிடாத ஒரு பாத்தியை விட்டுவைப்பது. கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: உரமிட்ட பாத்தியின் செடிகள் தண்டு, இலை, விதை எல்லாம் சேர்த்து 30 கிலோ நைட்ரஜன் எடுத்தன, உரமிடாத பாத்தியின் செடிகள் 20 கிலோ எடுத்தன. வித்தியாசம் 10 கிலோ. இட்ட 23 கிலோவில் 10 கிலோதான் செடிக்குள் போயிருக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய 43. இதையே நைட்ரஜன் பயன்பாட்டுத் திறன் என்கிறார்கள்.

இன்னும் நுட்பமான வழியும் உண்டு. சாதாரண நைட்ரஜன் அணுவின் நிறை 14. ஆனால் ஆயிரம் அணுக்களுக்கு ஏறக்குறைய நான்கு அணுக்கள் நிறை 15 கொண்டவை. இந்தக் கனத்த அணுக்களை மிகுதியாகச் சேர்த்து யூரியா தயாரித்து வயலில் இட்டால், அந்த அணுக்கள் செடியில் எவ்வளவு, மண்ணில் எவ்வளவு, காணாமற்போனது எவ்வளவு என்று நிறைமானியைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். ஆட்டுக் கூட்டத்தில் நம் ஆட்டுக்கு மட்டும் காவி அடையாளம் இட்டு விடுவதைப் போன்றது இது.

உலகம் முழுவதும் தானியப் பயிர்களின் கணக்கை 1999-இல் ரான், ஜான்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதிப் பார்த்தார்கள். இட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் தானியத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். மீதி எங்கே?

உரம் ஒழுகும் மூன்று ஓட்டைகள்

முதல் ஓட்டை வானத்தை நோக்கியது. யூரியாவை ஈரத்தில் இட்டதும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவுமாக மாற்றுகிறது. இந்த நொதியை 1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். அதற்காக 1946-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். மண்ணிலும் மக்கும் இலைதழைகளிலும் இந்த நொதி நிறைய இருக்கிறது. யூரியா மண்ணுக்கு மேலேயே கிடந்தால் உண்டாகும் அம்மோனியா நேரே காற்றோடு போய்விடும். வெயிலும் வறண்ட காற்றும் உள்ள நாளில் இந்த இழப்பு அதிகம். இரவுப் பனியில் சற்றே கரைவதும், காலை வெயிலில் காய்வதுமாக இருந்தால் இன்னும் அதிகம்.

இதை நீங்கள் பள்ளியிலேயே பார்க்கலாம். மஞ்சள் தூளை நீரில் குழைத்து ஒரு வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஈரமான தோட்டத்து மண்ணைச் சம அளவு போடுங்கள். முதல் புட்டியில் ஒரு தேக்கரண்டி யூரியாவை மேலாகத் தூவுங்கள். இரண்டாவதில் அதே அளவு யூரியாவை வைத்து, அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு மண்ணிட்டு மூடுங்கள். மூன்றாவதில் யூரியா வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மஞ்சள் தாளை நனைத்து ஒவ்வொரு புட்டியிலும் மண்ணில் படாமல் தொங்கவிட்டு மூடிவையுங்கள். தாள் உலர்ந்தால் மறுபடி நனையுங்கள். சில நாளில் எந்தத் தாள் முதலில் சிவக்கிறது, எது மஞ்சளாகவே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அம்மோனியா காரம். உழவரின் காசு காற்றில் போவதைக் கண்ணால் காட்டும் தாள் இது. முடிந்தபின் புட்டிக்குள் மூக்கை நுழைத்து முகர வேண்டாம். அம்மோனியா கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

இரண்டாவது ஓட்டை பூமியை நோக்கியது. மண்ணில் தங்கிய அம்மோனியம் நேர்மின்னூட்டம் உடையது. களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணின் நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் உடையது; களிமண் அதைப் பிடிப்பதில்லை. நீர் போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும்.

இந்த மாற்றம் வெறும் வேதிவினையன்று, உயிர்களின் வேலை என்று கண்டவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பிச் சாக்கடை நீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். சுமார் 20 நாள் வரை அம்மோனியா அப்படியே வந்தது. பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் வருவது நின்றது. நல்ல மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் மறுபடி வந்தது. மயக்கமருந்துக்குக் கட்டுப்படுவது கல்லும் மணலும் அல்ல, உயிர்தான் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

மூன்றாவது ஓட்டை, நீர் தேங்கினால் திறப்பது. கோடையில் எதிர்பாராத பெருமழை பெய்து எள் வயலில் நீர் நின்றுவிட்டால் மண்ணில் பிராணவாயு இல்லாமற்போகும். அப்போது வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்து மூச்சுவிடும். நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் பறந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 270 மடங்கு வலியது.

சோறு ஓரிடம், பசி வேறிடம்

இந்த மூன்று ஓட்டைகளையும் அடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வறண்ட நிலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேர் உரத்தை மென்று தின்பதில்லை, குடிக்கிறது. மண்நீரில் கரைந்த நைட்ரேட், செடி நீரை உறிஞ்சும்போது நீரோடு நீராக வேரை நோக்கி நகர்ந்து வருகிறது. நீர் இல்லையென்றால் அந்த ஊர்வலமே நின்றுவிடும்.

மேல்மண் காய்ந்துவிட்ட மாசி, பங்குனி மாதத்தில் எள்ளின் வேர் ஒரு முழ ஆழத்தில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். மேலே தூவிய உரமோ காய்ந்த மேல்மண்ணில் கிடக்கும். சோறு அடுக்களையில் இருக்கிறது. பசித்தவன் கிணற்றடியில் இருக்கிறான். இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது ஈரம் ஒன்றுதான்.

மானாவாரிக்கு ஏன் 23, இறைவைக்கு ஏன் 35 என்ற கேள்விக்கு விடை இப்போது விளங்கியிருக்கும். நீரும் நைட்ரஜனும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று தளர்ந்திருக்கும்போது மற்றதை மட்டும் சாட்டையால் அடித்தால் வண்டி வேகமாகப் போகாது, நுகத்தடிதான் கோணும். ஈரம் எவ்வளவு விளைச்சலைத் தாங்குமோ அந்த அளவுக்குத்தான் உரம் வேலை செய்யும். அதற்கு மேல் இட்டது, மேலே சொன்ன மூன்று ஓட்டைகளில் ஒன்றைத் தேடிக்கொண்டு போகும்.

மிகுதியாக இட்டால் பணம்தானே போகும் என்று நினைக்க வேண்டாம். நீரும் தழைச்சத்தும் மிஞ்சினால் எள் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும்; பூக்க வேண்டிய காலத்தில் தழைத்துக்கொண்டிருக்கும். இளசான இலைகளில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வந்து குவியும். விதையில் புரதம் கூடும். எண்ணெயின் சதவீதம் குறையும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எள்ளுக்கும் பொருந்தும்.

ஓட்டையை அடைப்பது எப்படி?

நல்ல வேளையாக, அடைக்கும் வழிகளில் பல செலவில்லாதவை.

முதலாவது, இடும் இடம். தூவுவதற்குப் பதில் ஈரமுள்ள மண்ணில் சால் பிடித்து, விரற்கடைகள் சில ஆழத்தில் உரத்தை இட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். உங்கள் இரண்டாவது புட்டி சொல்லும் பாடம் இதுவே. விதையை ஒட்டியே இட்டால் அம்மோனியா முளையைச் சுட்டுவிடும். சற்று விலகி இருக்க வேண்டும்.

இரண்டாவது, இடும் காலம். எள் முதல் மூன்று நான்கு வாரம் மெதுவாகவே வளரும். பூக்கத் தொடங்கும் முப்பதாம் நாளையொட்டித்தான் அதன் பசி அதிகமாகும். நீர் பாய்ச்ச முடிந்தவர்கள் பாதி உரத்தை அடியுரமாகவும் மீதியை அந்தச் சமயத்தில் மேலுரமாகவும் கொடுத்து உடனே நீர் பாய்ச்சலாம். மானாவாரியில் முப்பதாம் நாள் மழை வரும் என்று யார் உறுதி சொல்வது? அங்கே விதைப்பு ஈரத்தைப் பயன்படுத்தி முழுவதையும் அடியுரமாக மண்ணுக்குள் வைத்துவிடுவதே தக்கது.

மூன்றாவது, பந்தியில் உட்காருவோர் எண்ணிக்கை. ஹெக்டேருக்கு 5 கிலோ எள் விதைக்கிறார்கள். ஆயிரம் எள்ளின் எடை ஏறக்குறைய 3 கிராம். ஆகவே 5 கிலோவில் சுமார் 16 லட்சம் விதைகள்! ஆனால் செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 1,11,000 செடிகளே போதும். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் பயிரைக் கலைத்துவிடச் சொல்வது இதற்காகத்தான். கலைக்காத வயலில் நெருக்கியடித்து நிற்கும் செடிகள் நீரையும் உரத்தையும் தண்டாக்கிவிடுமே தவிரக் காயாக்கா.

நான்காவது, வேம்பு. வேப்பம்பிண்ணாக்கில் உள்ள கசப்புப் பொருள்கள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கின்றன. நைட்ரஜன் களிமண்ணின் பிடியில் மேலும் சில நாள் தங்குகிறது. 1970-களிலேயே புது டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இதை ஆராய்ந்தார்கள். 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என்பது அரசின் விதி.

ஐந்தாவது, ஒரு சிறு கூட்டாளி. அதன் பெயர் அசோஸ்பைரில்லம். பெயரின் முற்பகுதியைக் கவனித்தீர்களா? அசோத்! பிரேசில் நாட்டில் உழைத்த யோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978-இல் இப்பெயரிட்டுப் புகழ்பெறச் செய்த பாக்டீரியா இது. முடிச்சு இல்லாத வேர்களிலும் ஒட்டி வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் சிறிதளவு பிடித்துத் தருகிறது. வேர் கிளைவிட்டு வளர உதவும் பொருள்களையும் சுரக்கிறது. வேர் பெருகினால் ஈரமும் உரமும் தப்பிப் போவது குறையும். ஆறிய அரிசிக் கஞ்சியில் இதைக் கலந்து எள்ளில் புரட்டி நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். ஹெக்டேருக்கு 600 கிராம் அசோஸ்பைரில்லம் சேர்த்தால் மானாவாரி எள்ளுக்கு 23 கிலோவுக்குப் பதில் 17 கிலோ தழைச்சத்துப் போதும் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மிச்சம் 6 கிலோ நைட்ரஜன். அதாவது 13 கிலோ யூரியா.

எல்லாவற்றுக்கும் அடியில் தொழுஉரம். ஹெக்டேருக்கு 12.5 டன் இடச் சொல்கிறார்கள். அதில் நைட்ரஜன் நூற்றுக்கு அரைப் பங்குதான். அதுவும் மெதுவாகவே வெளிவரும். ஆனால் செம்மண் நிலத்தில் அது பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைக்கும். வண்டியின் இரண்டு மாடுகளுக்கும் ஒரே சமயத்தில் தீனி போடுவது தொழுஉரம்தான்.

நகரத்தாருக்கும் பங்கு உண்டு

"நாங்கள் வெள்ளாழ வீதியில் குடியிருக்கிறோம், எங்களுக்கு எள் வயல் ஏது?" என்று சில மாணவர்கள் கேட்கலாம். பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. ஊர்ப்புறத்து மண்ணுக்கு அடியில் இருக்கும் நீரைத்தான் நகரம் குடிக்கிறது என்பதை அந்த வெள்ளை மண்டபம் இன்றும் நினைவூட்டுகிறது. நகரின் குடிநீர் இப்போதும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது.

வயலில் வேருக்குத் தப்பிய நைட்ரேட், மழை நீரோடு இறங்கிச் சேருமிடம் அந்த நிலத்தடி நீர்தான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று இந்திய தர நிர்ணயம் வரையறுத்திருக்கிறது. அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். எள் குறைவாகவே உரம் கேட்கும் பயிர். கரும்பும் நெல்லும் பலமடங்கு கேட்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றேதான். வயலில் வீணான ஒவ்வொரு கிலோவும் எங்கேயோ ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தே தீரும். உழவருக்குச் சிக்கனமானது எதுவோ, அதுவே நகரத்தாரின் குடத்துக்கும் நல்லது.

செக்கு சொல்லும் விடை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வேருக்குள் போன நைட்ரஜன் இப்போது எங்கே?

எண்ணெயில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றே தனிமங்கள். நைட்ரஜன் இல்லை. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்; அந்தப் பாதியைக் காற்றின் கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் வெயிலைக்கொண்டு செடி சமைத்துவிட்டது. நைட்ரஜன் முழுவதும் புரதத்தில் இருக்கிறது; செக்கில் ஆட்டியதும் புரதம் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எள்ளுப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு நைட்ரஜன்.

ஆகவே எண்ணெயை விற்பவர் தம் நிலத்தின் நைட்ரஜனை விற்பதில்லை. பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்து, சாணத்தையும் கோமியத்தையும் எருக்குழியில் சேர்த்து வயலுக்குத் திருப்பினால் போனதில் ஒரு பகுதி வீடு திரும்பிவிடும். எள்ளை மூட்டையாகவே வெளியூருக்கு அனுப்பினால் அதற்குள் இருக்கும் நைட்ரஜனும் வண்டி ஏறிவிடும். பூசங்கோவின் பேரேட்டில் இந்த வரியையும் எழுத வேண்டும்.

அடுத்த முறை பெரிய மார்க்கெட் போகும்போது பிண்ணாக்குக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேப்பம்பூச்சுக்கும் வெயிலுக்கும் பாக்டீரியாவுக்கும் பாசன நீருக்கும் நடுவே தப்பிப் பிழைத்து வந்த நைட்ரஜன் அதற்குள் இருக்கிறது. உயிர் இல்லாதது என்று லவாசியே பெயர் வைத்த பொருள்தான். அதைத் தின்னும் மாடு அதிலிருந்து பால் சுரக்கும்.